சத்தத்தைக் கூட்டி ஓட்டுங்கள்

மதிப்பிற்குரிய திரையரங்கு நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இரவுக் காட்சியில் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற கச்சேரிப் படம் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்று மூன்று பேர் எழுந்து வெளியே வந்து உங்கள் ஆட்களிடம் முறையிட்டோம். விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

இந்தப் படத்தைச் சத்தமாக ஓட்ட வேண்டும் என்று படமே தொடக்கத்தில் எழுத்துப் போட்டுச் சொல்கிறது. உங்கள் திரையில்தான் அதைப் படித்தோம். அடுத்த நிமிடம் பின்வரிசையில் பாப்கார்ன் மெல்லும் ஓசை பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது.

பதினாறு வருடம் ஊர் ஊராக வாசித்த 'தி பேண்ட்' என்ற ராக் இசைக்குழு, 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் விடைபெற்ற கச்சேரிதான் இந்தப் படம். விருந்தினராக வாசிக்க வந்த எரிக் கிளாப்டனின் கிட்டார் வார் கழன்றுவிட, குழுவின் கிட்டார் கலைஞர் ராபி ராபர்ட்சன் பாட்டை விடாமல் தன் கிட்டாரில் ஏந்திக்கொள்வார். எங்களுக்கு வார் கழன்றது தெரிந்தது; பாட்டு கைமாறியது காதில் விழவில்லை. குழுவின் லெவான் ஹெல்ம் டிரம்ஸ் அடித்தபடியே பாடுகிறவர். அந்த அடி நெஞ்சில் விழ வேண்டும். அன்று அவர் கை அசைவதைத்தான் பார்த்தோம்.

அந்தக் குழுவின் ஐவரில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. கடைசியாக இருந்த கார்த் ஹட்சனும் 2025 ஜனவரியில் போய்விட்டார். இனி அவர்களைக் கேட்க உங்கள் ஸ்பீக்கரை விட்டால் எங்களுக்கு எது இருக்கிறது?

"நாலரைக்கு மேல் வைக்கக் கூடாதுன்னு மேலே சொல்லியிருக்காங்க சார்" என்றார் ஆபரேட்டர். அவர்மேல் தப்பில்லை. அவர் சொன்னது டால்பி ஒலிக்கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் எண். ஆனால் ஒலிக்கலவை செய்கிறவர்கள் அதில் ஏழு வைத்துக் கேட்டுத்தான் ஒரு படத்தை முடிக்கிறார்கள். ஏழு முடியாதென்றால் ஆறிலாவது வையுங்கள். சத்தத்தைக் கூட்டுங்கள்.

இடைவேளையில் நகைக்கடை விளம்பரம் மட்டும் காதைப் பிளந்தது. இடைவேளையே இல்லாத படத்தைப் பாட்டின் நடுவே நிறுத்தினீர்கள். கடைசி இசை முடிவதற்குள் விளக்கைப் போட்டீர்கள், துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். எந்தப் படத்துக்குப் போனாலும் இதே கதைதான். காசு கொடுத்து வருகிறவன் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுப் போகக் கூடாதா? சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

சத்தம் ஆகாதவர்களும் வருவார்கள், புரிகிறது. டிக்கெட் கவுண்டரில் ஒரு அறிவிப்பு வைத்துவிட்டால் அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள்.

வரும் ஞாயிறும் அதே காட்சி இருக்கிறது. எனக்கும் என் தம்பிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அவன் இந்தக் குழுவை இதுவரை கேட்டதில்லை. தயவுசெய்து சத்தத்தைக் கூட்டி ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
போன ஞாயிறு வெளியே எழுந்து வந்த மூவரில் ஒருவன்