விழாமல் நடக்கும் பெரியவர்கள் எழுதும் நன்றி மடல்

எங்கள் பிசியோ மேடம் அவர்களுக்கும், அவரோடு சேர்ந்து எங்களுக்குத் துணை நின்ற மற்ற எல்லோருக்கும்,

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூட வராந்தாவில் கூடும் மூத்தோர் உடற்பயிற்சிக் குழுவின் வணக்கம்.

மேடத்துக்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. பொன்னாடை, மாலை, ஒருவேளைச் சாப்பாடு என்று நாங்கள் பேச்செடுத்ததுமே, "ஐயா, பொன்னாடையை மடிச்சு பீரோவுலதான் வைக்கப்போறேன். அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு வீட்டுல பாத்ரூம் கம்பி போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். கம்பி போட்டாயிற்று. ஆனாலும் மனசு கேட்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற தபால்காரன். கடிதம் சுமந்ததுதான் அதிகம், எழுதியது குறைவு. சொல்லில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோய் வந்து குணமானவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்வார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார்களே, அதற்காக எழுதுகிறோம். இந்த வகை உதவிக்கு யாரும் மாலை போடுவதில்லை. உதவி நடந்ததே பல நேரம் கண்ணுக்குத் தெரியாது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று ஒரு வீட்டிலிருந்து சேதி வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இடுப்பு எலும்பு முறிவு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சில் சளி. என் அக்கா அப்படித்தான் போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் "வயசானா விழத்தானே செய்வாங்க" என்றார்கள். அதை நம்பாத முதல் ஆள் மேடம்தான். விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்றும், எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை அவர் சொன்னபோது, வராந்தாவில் யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் எங்களுக்காக வந்தவர் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கொடுக்க வருகிறவர். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்குக் கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வீட்டு அம்மா முட்டியில் கை ஊன்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்து, இரண்டு தடவை முயன்று எழுந்ததைக் கவனித்திருக்கிறார். "அடுத்து படுக்கப்போறது நீங்கதாம்மா. இப்பவே பார்ப்போமா?" என்று கேட்டாராம். கொஞ்சம் கறாரான பேச்சுதான். எங்கள் குழு அங்கேதான் ஆரம்பித்தது. தனக்கு விதித்த வேலைக்கு மேல், காலையில் சீக்கிரம் வந்து நடத்திய வகுப்பு இது. அதனால்தான் நன்றியும் கூடுதலாகிறது.

முதல் நாள் நாங்கள் கேட்ட கேள்வி, "கரண்ட் மெஷின் எங்கம்மா?" பிசியோ என்றாலே கரண்ட் வைப்பது, சூடு வைப்பது என்றுதான் நினைத்திருந்தோம். அவர் கொண்டுவரச் சொன்னதோ கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி வளையும், வேண்டாம் என்றார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். 70-லிருந்து 74 வயதுக்குள் இருக்கும் பெண்கள் 10-க்குக் குறைந்தாலோ, அதே வயது ஆண்கள் 12-க்குக் குறைந்தாலோ காலில் பலம் போதாது, விழ வாய்ப்பு அதிகம் என்று அர்த்தமாம். கையை ஊன்றி எழுந்தால் பூஜ்ஜியம். ஊர்ப் பஞ்சாயத்தில் குரலை உயர்த்திப் பேசும் ஆண்கள் பலர் அன்றைக்கு வாங்கியது அந்தப் பூஜ்ஜியம்தான். பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அடுத்தது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்றார்.

எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், விடாமல் வாதாடினார். "நான் தினம் ஆற்றங்கரை வரைக்கும் போயிட்டு வரேன், போதாதா?" மேடம் அவரை ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றப் பாதம், குதிகாலும் விரலும் தொட, பத்து விநாடி நிற்கச் சொன்னார். மூன்றாவது விநாடியில் வாத்தியார் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். "நடை உங்க நெஞ்சுக்கும் சுகருக்கும் நல்லது சார், விட்டுடாதீங்க. விழாம இருக்க, தடுமாறுறப்போ உடம்பை நிமிர்த்திக்கிற பழக்கம் தனியா வேணும்." அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் சமநிலைக்கும் தசைப் பலத்துக்குமான பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாம். எங்கள் திங்கள், புதன், வெள்ளி அப்படி வந்ததுதான்.

பயிற்சிகளைப் பார்த்தால் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். திண்ணையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, பக்கவாட்டில் நடப்பது, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு முட்டியை நீட்டி மடக்குவது. பழகப் பழகப் பிடியைத் தளர்த்துவார், மணலைக் கூட்டுவார். கஷ்டமே இல்லையென்றால் பயனும் இல்லை என்பது அவர் கட்சி. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறையை ஒட்டியது என்றார். 1997-இல் அங்கே 80 வயதைக் கடந்த பெண்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 சதவீத அளவுக்குக் குறைந்திருந்ததாம். எங்கேயோ இருக்கிற கிழவிகளுக்கும் எங்களுக்கும் இப்படி ஒரு உறவு!

எல்லாவற்றையும்விட, விழுந்தால் எப்படி எழுவது என்று சொல்லிக்கொடுத்தாரே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறோம். ஜமுக்காளம் விரித்து ஒவ்வொருவரையும் தரையில் படுக்கவைத்தார். எங்கள் குழுவிலேயே மூத்த அப்பாயி, "படுத்தா எழுந்திரிக்க மாட்டேன் பாப்பா, என்னை விட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மேடமும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். முதலில் அவசரப்படாமல் மூச்சு விட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து நாற்காலிக்குப் போக வேண்டும். பலமுள்ள காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, நாற்காலியில் இரண்டு கையையும் அழுத்தி, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். அப்பாயி உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்றார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டோடு முடங்குவது, முடங்கியதால் கால் சூம்புவது, சூம்பியதால் நிஜமாகவே விழுவது என்றுதான் பலருக்கு நடக்கிறது. அப்பாயிக்கு அந்தப் பயம் அன்றோடு பாதி போயிற்று. பிறகு ஒரு மழைநாளில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழத்தான் செய்தார். அடி பலமில்லை. கிணற்றடிக் கல் வரை தவழ்ந்துபோய், தானே எழுந்து உள்ளே வந்து, மருமகளிடம் காபி கேட்டாராம்.

எங்கள் வீடுகளுக்கும் வந்து பார்த்தார். முட்டி உயரத்துக்கு நிற்கும் நிலைப்படி, பாசி பிடித்த முற்றம், பழைய புடவையைக் கிழித்துப் பின்னிய கால்மிதி, தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, தழையத் தழையக் கட்டிய வேட்டி, இரவு எழுந்தால் கைக்கு எட்டாத சுவிட்ச். கால்மிதியை எடுக்கச் சொன்னபோதுதான் பெண்களிடம் எதிர்ப்பு வந்தது. பின்னியவர்களுக்கு அருமை தெரியுமல்லவா! துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழாதீர்கள், அது உங்கள் கனத்தைத் தாங்காது என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அதற்கு மாற்றாகச் சுவரில் துளை போட்டு, கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற கனத்தில் பைப் வைத்துக்கொடுத்த வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு எங்கள் நன்றி. பைப்புக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. "எங்க ஆயாவும் விழுந்துதாங்க போச்சு" என்றதோடு சரி.

வீடு வீடாக பிபி பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் தங்கைக்கும் நன்றி. எங்களில் ஒருவருக்கு விடியற்காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்பதைக் கேட்டு, அவரைப் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் அளந்து, மேல் அளவு 20-க்கும் கூடுதலாக இறங்குவதை டாக்டருக்குத் தெரிவித்தது அவர்தான். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எல்லா மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்த்து, பிபி மாத்திரையையும் சிறுநீர்ப் பிரச்சினைக்கான மாத்திரையையும் மாற்றி அமைத்தார். இப்போது சுற்றல் இல்லை. கண்ணில் புரை இருந்தவர்களைப் பொறுக்கியெடுத்து ஆபரேஷனுக்கு அனுப்பிய கண் மருத்துவ உதவியாளர், வராந்தாவைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை, மாமியாரை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் தனியாக மல்லுக்கட்டிய மருமகள்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். மருமகள்களுக்கும் தனி வகுப்பு வைக்க வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இடுப்புவலி அவர்களுக்குத்தான் அதிகம். அதற்குள் மாற்றல் வந்துவிட்டது.

மேடம், புதிதாக வருகிற பிசியோவிடம் எங்கள் நோட்டை ஒப்படைத்துவிட்டோம். நாற்காலிச் சோதனை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வழக்கம்போல நடக்கும். அதுவரை அப்பாயியும் தன்னார்வலர் தங்கையும் வகுப்பை நடத்துவார்கள். வாத்தியார் இப்போது பத்து விநாடி நிற்கிறார், உங்களிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார். கம்பி வேண்டிய வீட்டுக்காரர்கள் பட்டறையில் பெயர் கொடுத்துவைக்கவும்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற தபால்காரர்