பெத்தாவின் ஆறு வரிக் கடுதாசி

அன்பு மகள்,

நம்மட மட்டக்களப்பைப் பற்றி நீ அனுப்பின பயணக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். கல்லடிப் பாலம், வாவி, நிலவு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ஹோட்டல் பால்கனியில் இருந்தபடியே பாடும் மீனைக் கேட்டாராம் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மற்ற நுனியில் காதை வைத்துத்தான் கேட்கிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு எண்ணிப் பார்த்தேன். ஊரின் பெயர் நாலு தரம், ஹோட்டலின் பெயர் ஒன்பது தரம், நுளம்பு ஒரு தரமும் இல்லை! மனுசன் அறை விற்க எழுதியிருக்கிறார், அதைத் தெரிந்துகொண்டு நிலவை ரசி.

விற்கிறவரைப் பிடிப்பது லேசு. வீட்டாரின் எழுத்துத்தான் கஷ்டம். 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது நான் கொழும்பில் இருந்தேன். பேப்பரில் செத்தவர்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பயந்து கிடந்த நேரத்தில் என் அம்மாவின், உன் பெத்தாவின், கடுதாசி வந்தது. எல்லாரும் சுகம், கிணறு நல்லா இருக்கு, தென்னைகள்தான் படுத்துவிட்டன, ரோட்டெல்லாம் மரம், நீ வரவேண்டாம், வேலையைப் பார். ஆறே வரி. நான் நம்பி நிம்மதியாகப் படுத்துவிட்டேன். அறையில் கூட இருந்தவன் வாங்கி வாசித்துவிட்டு, "உன்ட அம்மா எப்பவும் இவ்வளவுதான் எழுதுவாவா?" என்று கேட்டான். அப்போதுதான் உறைத்தது. மாட்டுக்குக் கழிச்சல் என்றாலே இரண்டு பக்கம் எழுதுகிறவ அவ. இதில் மாடும் இல்லை, கூரையும் இல்லை. கிடைத்த லொறியில் ஏறி, மிச்சம் நடந்து வந்து சேர்ந்தேன். அவ பொய் ஒன்றும் எழுதவில்லை, கிணறு நல்லாத்தான் இருந்தது. பக்கத்தில் வீடுதான் இல்லை.

நீயும்தான் பள்ளிக்கூடத்தில் ஔவையார் தொண்டைமானின் பளபளக்கும் வேல்களைப் புகழ்ந்த புறநானூற்றுப் பாட்டைப் படித்து, பரீட்சையில் வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதி மார்க்ஸ் எடுத்தாய். ஆனால் போன கிழமை மாமி உன் புது வீட்டுப் படத்தைப் பார்த்து, "வடிவான வீடு, எங்களுக்குச் சொல்ல நேரம் இருந்திருக்காது" என்று எழுதினதுக்கு "நன்றி மாமி" என்று பூப் படம் வேறு போட்டிருக்கிறாய்! இன்றைக்கே கோல் எடுத்துப் பேசு.

லீவு கிடைப்பது கஷ்டம் என்றால் இந்த வருசமும் வரவேண்டாம், மகள். அம்மாவும் நானும் சுகம். கிணறும் நல்லா இருக்கு.

அப்பா