எந்தச் சாம்பல் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தர்பூசணிப் பருவம் வந்துவிட்டால் வேளாண் பக்கங்களில் 'சாம்பல் நோய்க்கு மருந்து' என்று குறிப்புகள் வரத் தொடங்கும். எந்தச் சாம்பல் என்பதுதான் இருக்காது. சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் நோய் வேறு. பெயரை நம்பிக் கடையில் 'சாம்பலுக்குக் கொடுங்க' என்று வாங்கி அடித்துவிட்டு, ஒரு வாரத்தில் கொடி கருகி நிற்பது திண்டிவனம், மரக்காணம் பக்கம் புதிதல்ல.

சாம்பல் நோய் பூஞ்சாணம். அடிச்சாம்பலை உண்டாக்குவது பார்வைக்குப் பூஞ்சாணம் போல இருந்தாலும் இனத்தால் வேறு. பூஞ்சாணக்கொல்லியான கார்பென்டாசிம் அதனிடம் செல்லாது. கந்தகத் தூளோ வெயிலில் தர்பூசணி இலையையே பொசுக்கிவிடும். எந்தச் சாம்பலுக்கும் அது வேண்டாம்.

பிரித்தறிய விடியற்காலை வயலுக்குப் போக வேண்டும். பனி காயுமுன் இலையைப் புரட்டினால், அடிப்பக்கத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு படர்ந்திருப்பது அடிச்சாம்பல். வெயில் ஏறியதும் அது கண்ணுக்குத் தப்பிவிடும். அடிச்சாம்பலின் புள்ளி வெள்ளரியில் நரம்புகளுக்குள் அடங்கிக் கட்டம் கட்டமாக இருக்கும். தர்பூசணியில் அப்படி இராது. ஒழுங்கற்ற மஞ்சள் புள்ளி சீக்கிரம் கரும்பழுப்பாகி, இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளும். சாம்பல் நோய் என்றால் முதிர்ந்த இலையில் வெள்ளை மாவு. அதுவும் தர்பூசணியில் சில சமயம் மாவு குறைந்து வெறும் மஞ்சள் திட்டாகவே நிற்கும், ஏமாறுவது இங்கேதான்.

அடிச்சாம்பலின் வித்துகள் இலையில் தங்கிய நீரில் நீந்தி இலைத்துளை வழியே நுழைகின்றன. தை, மாசிப் பனி அதற்குத் தோது. தொற்றிக் குறைந்தது நான்கு நாள் கழித்தே புள்ளி தெரியும் என்பதால், புள்ளியைப் பார்த்த பிறகு ஓடினால் பாதி தோற்றாயிற்று. பனி இறங்கும் நாட்களில் முன்கூட்டியே மேங்கோசெப் அல்லது குளோரோதலோனில் மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் இரு முறை. 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். 'ஒரு கைப்பிடி' கணக்கு ஆகாது. இவை பட்ட இடத்தை மட்டுமே காப்பவை. கொடி தரையோடு படர்வதால் நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தது வீண். காலையில் தேனீக்கள் பூவில் இருக்கும், எனவே பிற்பகல் 3 மணிக்கு மேல், இருட்டுமுன் இலை காய்ந்துவிடும்படி. மெட்டலாக்சில் கலந்த மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நோய் அதற்குப் பழகிவிடும்.

வேரில் மருந்து ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. இந்நோய் மண்ணிலிருந்து ஏறுவதில்லை. பக்கத்து வெள்ளரி, பூசணிக் கொடிகளிலிருந்து காற்றில் வருகிறது. காய்ப்பு ஓய்ந்த பழைய வெள்ளரிக் கொடியைப் பிடுங்கி அழிப்பது அந்தக் காசுக்கு மேல் பயன் தரும். நோய் காயைத் தொடாது என்ற தைரியமும் வேண்டாம். இலை போனால் காய் வெயிலில் வெந்து வெளுக்கும், இனிப்பும் ஏறாது.

தங்கள் வேளாண் பக்கத்தில் இனி மருந்தின் பெயரை அச்சிடும்போது, அது எந்தச் சாம்பலுக்கு என்பதையும் அதே வரியில் அச்சிட வேண்டுகிறோம்.

தர்பூசணி சாகுபடியாளர்கள் சிலர்,
திண்டிவனம் வட்டம்