எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கும், எல்லோருக்கும்

அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த தம்பிகள், நடுராத்திரியிலும் போனை எடுத்த ஆட்டோ அண்ணன், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மாடி வீட்டு அக்கா, பணம் அனுப்பிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாதவர்கள், எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

ஆனால் பெரியம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா சிமெண்ட் ஷீட் கம்பெனியில் இருந்தபோது லைன் வீட்டில் எங்களுக்கு எதிர் வீடு. அப்பா காரியத்தில் பார்த்ததுதான் கடைசி. அம்மாவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்ததும் முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், நீரை எடுக்க எடுக்கத் திரும்ப ஊறியது. "ஃபேக்டரியில் வேலை பார்த்தீர்களா?" என்று புது டாக்டர் இரண்டு தடவை கேட்டார். "இல்லை சார், வீட்டில்தான் இருந்தேன்" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

யார் சொன்னார்களோ, இந்த வயதில் இரண்டு பஸ் மாறி வந்து நின்றார் பெரியம்மா. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் படீர் படீரென்று உதறிக் காட்டினார். "இவ புருஷனோட காக்கிச் சட்டையைத் தினமும் இப்படி உதறித்தான் சார் துவைப்பா. மாவு மாதிரி பறக்கும். நாங்க எல்லாருமே அப்படித்தான்." டாக்டர் உட்கார்ந்து, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம்தான் பயாப்ஸி, அப்புறம்தான் மீசோதீலியோமா என்ற பெயர், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்.

அந்த மாவில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்கே தெரியாத ஊசி நார், மூச்சோடு போய் நுரையீரல் உறையில் தங்கிவிட்டால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது, முப்பது நாற்பது வருடம் உள்ளே அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருந்து புற்றாக மாறக்கூடும். துணி துவைத்த மனைவிகளுக்கும் இது வருவதை 1965-லேயே லண்டனில் எழுதிவைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சரி, துணி துவைத்தவள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? பெரியம்மாவின் நினைவில்தான் இருந்தது.

நோய் போய்விடவில்லை, தெரியும். ஆனால் நேற்று ராத்திரி அம்மா உட்கார்ந்தபடி இல்லாமல் படுத்துத் தூங்கினாள்.

லைன் வீட்டில் இருந்த ஒவ்வொரு அம்மாவையும் தேடிப்போய்ச் சொல்லப்போகிறேன். முதலில் நீங்கள், பெரியம்மா. உங்களுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன், பஸ் ஏறிவிடாதீர்கள்.