ஊசி போடும்போதே காதையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக என் அண்ணன் சில ஆண்டுகளுக்கு முன் மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி போட்டுக்கொண்டார். நோய் குணமானது, இரண்டு காதும் போய்விட்டன. முதலில் காதுக்குள் இரைச்சல், அப்புறம் குருவிச் சத்தம் கேட்கவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாங்களும்தான்.

கனாமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் எல்லாம் ஒரே குடும்பத்து ஆன்டிபயாடிக் மருந்துகள். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்லக்கூடியவை. கோழிக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. கீச்சொலிகளை உணரும் செல்கள்தான் முதலில் சாகின்றன. அதனால் பேச்சு நன்றாகக் கேட்கும்போதே சேதம் தொடங்கியிருக்கும். ஆடியோகிராம் என்ற காது கேட்கும் திறன் சோதனை எடுத்தால்தான் தெரியும்.

காசநோய்க்கு இப்போது அந்த ஊசிக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரை இருக்கிறது, சரி. பச்சிளங்குழந்தைகளின் கிருமித்தொற்றுக்கு ஜென்டாமைசின் இன்றும் தேவைப்படுகிறதே! தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ள குழந்தைக்கு ஓரிரு டோஸே கேட்கும் திறனைப் பறித்துவிடலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அரை மணி நேரத்துக்குள் இதைக் கண்டறியும் சோதனையை மான்செஸ்டரில் உருவாக்கியிருக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளுக்கும் அது வர வேண்டும். அதுவரை, “அம்மா வீட்டில் யாருக்காவது ஊசி போட்ட பின் காது கேட்காமல் போனதா?” என்றாவது டாக்டர்கள் கேட்கட்டும்.

- ஒரு வாசகர், விருதுநகர்