கண்ணை மூடச் சொல்வதில்தான் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் பதற்றம் தணிய வகுப்பறையிலேயே தளர்வுப் பயிற்சியும் கற்பனைக் காட்சிப் பயிற்சியும் நடத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் பல இடங்களில் முதல் வாக்கியத்திலேயே அது கெட்டுவிடுகிறது: ‘எல்லாரும் கண்ணை மூடுங்க.’

அடியும் மிரட்டலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணை மூடுவது ஓய்வல்ல, காவலைக் கைவிடுவது. அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து பெஞ்சுக்காரன் கிள்ளிவிடுவான் என்ற பயமே போதும். ‘மூடலாம், பிடிக்காதவர்கள் மேசையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்’ என்றால் தீர்ந்தது.

‘உடம்பைத் தளர்த்து’ என்றாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. இறுக்கிப் பார்த்தால்தான் தளர்வு புரியும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் விளக்கி எழுதிய தசைத் தளர்வு முறை இந்த வித்தியாசத்தை உணர்வதில்தான் நிற்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கைகளையும் 5 விநாடி இறுக்கச் சொல்லுங்கள், முக்கால் பலம் போதும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு 10 முதல் 15 விநாடி சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சுருக்கி அடுத்த தசைக்குத் தாவினால் அது டிரில் வகுப்பாகிவிடும். தோளுக்கு, குடையில்லாமல் மழையில் நிற்பவர்போலக் காதுவரை குறுக்குவது. பிறகு முகம், வயிறு, கால். கால் விரல்களைக் கீழே மடக்கச் சொன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்; குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்கச் சொல்லுங்கள். அடிபட்ட இடம் எதையும் இறுக்க வேண்டாம்.

மூச்சில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ‘நல்லா ஆழமா இழு’ என்றதும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு புஸ்புஸ்ஸென்று இழுப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைவது இயல்பு, ஆகவே விடுவதைத்தான் நீட்ட வேண்டும். 3 எண்ணி இழுத்து, சோப்புக் குமிழி ஊதுவதுபோல 5 எண்ணி விடுவது, ஐந்தாறு தடவை. அடக்கி வைத்திருக்கச் சொல்ல வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எண்ணிக்கையே வேண்டாம், தன் போக்கில் விடட்டும்.

இதற்குப் பிறகே கற்பனை. சிறிய வகுப்புகளுக்கு 3 நிமிடம், பெரிய வகுப்புகளுக்கு 7 அல்லது 8. கடற்கரை, ஓடை என்று ஆசிரியரே இடத்தை முடிவு செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தண்ணீரில் யாரையோ பறிகொடுத்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். ‘உனக்குப் பத்திரமாகத் தோன்றும் ஓர் இடம், நிஜமோ கற்பனையோ’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு கேள்விகள்: காலடியில் என்ன படுகிறது? தூரத்தில் என்ன சத்தம்? காற்று சூடா, குளிரா? ஒவ்வொன்றுக்கும் பின் 10 விநாடி மௌனம். (அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் கஷ்டம். கடிகார முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது. 1880-லேயே பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் குறித்துவைத்த இந்த இயல்புக்கு 2015-ல் ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வைத்தார்கள். அது அடமோ சோம்பலோ அல்ல. ஒலியும் தொடுதலும் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கலாம்.

மணியடித்து எழுப்பாதீர்கள். விரலை அசைத்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் நீல நிறப் பொருள் மூன்று தேடச் சொல்லி ஒரு நிமிடத்தில் மீட்டுக் கொண்டுவர வேண்டும். சிலருக்குத் தளரத் தளரப் பதற்றம் கூடுவதும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து, எழுந்து ஒரு நடை போய்வரட்டும். அழும் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் காரணம் கேட்க வேண்டாம். திரும்பத் திரும்ப அழுதால் ஆலோசகரிடம் அனுப்புங்கள். அந்தச் சுமையைப் பயிற்சியின் தலையில் கட்ட முடியாது.

தேர்வு நாள் காலையில் முதன்முறையாகச் செய்து பலன் எதிர்பார்ப்பதும் வீண். சில வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில் பழகியிருக்க வேண்டும். அப்போதும் அளவோடு நம்புங்கள். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-ல் வெளியான மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனத்தை நிறுத்தும் பயிற்சி) ஆய்வில், வகுப்பு முழுவதற்கும் நடத்திய பாடம் வழக்கமான பாடத்தைவிட மேல் என்று தெரியவரவில்லை. மாணவர்கள் வீட்டில் அதைப் பெரிதாகச் செய்து பார்க்கவும் இல்லை. அது வேறு முறைதான். ஆனாலும் பிடிக்காதவர்களையும் சேர்த்து உட்காரவைக்கத் துடிக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய முடிவு.

வகுப்பு இரைச்சலிட்டால் ‘கண்ணை மூடி மூச்சை இழு’ என்று தண்டனையாக்கும் பழக்கமும் சில இடங்களில் வந்துவிட்டது. அப்படி ஒரு தடவை செய்தாலே போதும், பிள்ளைகள் மறுநாள் உண்மையான பயிற்சிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர்