நீ வாசிக்காம விட்ட அந்த எடம்

டேய் தம்பி,

நேத்து மேடையை விட்டு எறங்கினதும் நேரா வந்து "அண்ணா, தனி எப்படி இருந்துச்சு"ன்னு, மிருதங்கம் மட்டும் வாசிக்கிற அந்த தனி ஆவர்த்தனத்தை பத்தி தான் கேட்ட. நல்லாத்தான் இருந்துச்சுடா, மூணு மூணா போற திஸ்ர நடைல கொஞ்சம் வேகம் ஓடுச்சு, மத்தபடி ஓகே. ஆனா எனக்கு புடிச்ச எடம் அது இல்ல, போன்ல சொன்னா நீ காதுல வாங்க மாட்ட, அதான் எழுதறேன்.

ஒரே வரியை மாத்தி மாத்தி பாடற அந்த நெரவல்ல பாடினவங்க மேல் ஸட்ஜத்துல, அதான் மேல் ஸா-ல, கார்வை குடுத்து நீட்டி நின்னாங்கல்ல, அப்போ நீ கையை எடுத்துட்ட. தொப்பில, அதான் எடது பக்கத்துல, ஒரே ஒரு கும்கி, 'கும்'னு ஒரு நாதம், அவ்ளோதான். மத்தியான டிக்கெட் இல்லாத கச்சேரி, ஹால்ல மொத்தமே நாப்பது பேர், அதுல பாதி பேருக்கு மனசு கேன்டீன்ல, ஆனா அந்த நேரத்துல ஒருத்தரும் அசையலடா. எனக்கு சிலிர்த்துடுச்சு. உன் மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு, அது தனில கூட வரல.

என் மொத கச்சேரி கதை உனக்கு தெரியாது. வீட்லயே மிருதங்கத்தை அஞ்சு கட்டை சுருதிக்கு கச்சிதமா சேர்த்துட்டு போயிட்டேன், அங்க ஏசி குளிர்ல சுருதி நகர்ந்து, தொப்பில போட்ட ரவை வேற காஞ்சு, ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் சுருதி சேக்க கல்லை எடுத்து தட்டிட்டே இருந்தேன். அந்த பதட்டத்துல மனப்பாடம் பண்ண மிருதங்க சொல்லு எல்லாத்தையும் கொட்டினேன், பாடறவங்க சங்கதி போட்டு வரியை மாத்தி பாடும்போது அது மேலயே வாசிச்சேன். கடைசில தனி. ரெண்டு களை ஆதி தாளம், ஆவர்த்தனத்துக்கு, அதான் தாளத்தோட ஒரு சுத்துக்கு, 64 மாத்திரை, கணக்கு தூக்கத்துல கூட வரும், ஆனா பாட்டோட எடுப்பு (பாட்டு ஆரம்பிக்கிற எடம்) சமத்துல (தாளத்தோட மொத அடில) இல்லன்றதையே மறந்து, தனியை முடிக்கிற கோர்வையை சமத்துல கொண்டு போய் வச்சேன்! அரை எடம் முன்னாடி. வயலின்காரர் தாளத்தை பாத்துட்டே கீழ குனிஞ்சுக்கிட்டார். ஏன்னு யோசிச்சா, ரெண்டு மணி நேரமா நான் பாட்டையே கேக்கல.

பாடகர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் போட்டு குடுத்த கச்சேரி பத்ததில, அதான் கச்சேரி வரிசைல, தனிக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் (அப்பதான் மாமாக்கள் காபிக்கு எந்திரிப்பாங்க, அது தனி சோகம்), மீதி நேரமெல்லாம் நாம பாட்டுக்கு தான் வேலை செய்யறோம். பாலக்காடு மணி அய்யர் ஒரு கட்டத்துக்கு மேல மைக்கே வேணாம்னு சொன்னவர், 1966ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது வாங்கின மொத மிருதங்க வித்வான் அவர் தான். அவர் ரெக்கார்டிங்ல தனியை ஸ்கிப் பண்ணிட்டு பாட்டுக்கு வாசிக்கிறதை மட்டும் ஒரு வாரம் கேளு. எங்க வாசிக்கிறார்னு இல்ல, எங்க விடறார்னு கேளு.

அதுக்குன்னு காலைல சாதகத்தை விட்டுடாத, கை பேசினா தான் அதை சும்மா வைக்கவும் முடியும்.

அப்புறம், உன் மிருதங்கத்து வலந்தலைல, அதான் வலது பக்கத்துல, கரணை (அந்த கறுப்பு வட்டம்) உதிருது, சாப்பு அடி கிழியற மாதிரி கேட்டுச்சு. வியாழக்கிழமை எடுத்துட்டு வா, தோல் மூட்டு மாத்த குடுத்துடலாம்.

அண்ணா